காசு கொடுத்த விருந்தாளி

2025 மார்ச் மாதம், நோன்புப் பெருநாள் விடுமுறையை ஒட்டி நாங்கள் ஆறு பேர் பாலிக்குப் போனோம். எல்லாரும் ஒரே தேவார வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்து வளர்ந்தவர்கள். விமான டிக்கெட் எடுக்க அரை மணி நேரம் ஆனது. எங்கே தங்குவது என்று முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது! வாட்ஸ்அப் குழுவில் நடந்த அந்தச் சண்டையைப் பட்டிமன்றமாகப் போட்டிருந்தால் கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம் சேர்ந்திருக்கும்.

கணக்கு வழக்கில் கெட்டிக்காரனான நண்பன் ஒருவன் ஊபுட் பக்கம் வயல் நடுவே நீச்சல் குளத்தோடு ஒரு வில்லா பார்த்து வைத்திருந்தான். ஆறாகப் பிரித்தால் ஓர் இரவுக்கு ஆளுக்கு 90 வெள்ளிதான். இரண்டு பேருக்குக் கூத்தா கடற்கரைப் பக்கம் ஓட்டல் வேண்டும். காலைச் சாப்பாடு உண்டு, ஏர்கோன் உண்டு, தொல்லை இல்லை. எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர், ஒரு முழு அப்பார்ட்மெண்டையே நாள்வாடகைக்கு எடுத்து நாமே சமைத்துக் கொள்ளலாம் என்றார். சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாமே என்று அவர் கவலை. நான் நின்றது ஹோம்ஸ்டே பக்கம். பாலிக்காரர்கள் இந்துக்கள். வீட்டுக்கு வீடு குடும்பக் கோயில் இருக்கிறது. அங்கே போய்ச் சுவரும் ஏர்கோனும் பார்த்துவிட்டு வருவதா, ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டு வருவதா என்று குழுவில் நீளமாக ஒரு பிரசங்கமே எழுதினேன். எழுதி முடித்ததும் நான் ரொம்ப நல்லவன் என்ற நினைப்பும் வந்தது.

அந்த நினைப்பை அன்று இரவே அம்மா உடைத்துவிட்டார்.

என் அம்மா ஜொகூர் பாருவில் ஓர் ஓட்டலில் 19 வருஷமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். ஒரு ஷிஃப்டுக்கு 14 அறை. துணி மடித்துக்கொண்டே என் பிரசங்கத்தைக் கேட்டவர், "ஓட்டலு என்னாப்பா பாவம் பண்ணுச்சு?" என்றார். "எனக்கு எட்டு மணி நேரம். அதுக்கு மேல போனா ஓவர்டைம். இபிஎஃப் இருக்கு, சொக்சோ இருக்கு. முடிஞ்சதும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவேன். நீ போற வீட்டுல ரூம கழுவப் போறது யாரு? அந்த வீட்டுப் பொம்பளதானே? அவங்க வேலை முடிஞ்சு எங்க போவாங்க? அவங்களுக்கு வீடுதானே வேலை செய்யற இடம்?"

எனக்குப் பதில் வரவில்லை. இதுவரை எனக்கு இது காசு, வசதி, அனுபவம் சம்பந்தப்பட்ட கேள்வியாகத்தான் இருந்தது. அம்மா கேட்ட பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் ஓர் ஊரில் தங்கினால், அந்தத் தங்கலை யார் சுமக்கிறார்கள்?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மற்ற இடங்களையும் பார்த்தேன். அப்பார்ட்மெண்ட் சீக்கிரமே அடிபட்டது. எங்கள் அடுக்குமாடியிலேயே சில வீடுகள் நாள்வாடகைக்கு ஓடுகின்றன. நள்ளிரவில் பெட்டியை உருட்டும் சத்தம், லிஃப்டில் தினம் ஒரு புது முகம், குப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவது எல்லாம் உண்டு. நிர்வாகக் கழகம் இப்படிப்பட்ட குறுகியகால வாடகைக்குத் தடை போடலாம் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தச் செய்தியைக் குடியிருப்பாளர் குழுவில் முதலில் பகிர்ந்தவன் நான்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே முடியாது. பார்சிலோனா நகரம் 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று அறிவித்திருக்கிறது. என் வீட்டுப் பக்கத்தில் வேண்டாம், இன்னொருத்தர் வீட்டுப் பக்கத்தில் பரவாயில்லை என்றால் அது என்ன நியாயம்? அக்காவிடம் சொன்னேன். "அதுவும் சரிதான், தம்பி" என்று விட்டுக்கொடுத்தார்.

வில்லாதான் கஷ்டம். நண்பன் விடுவதாக இல்லை. எனக்கும் குளத்தில் குளிக்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குளம் இருக்கிற இடம் சாதாரண இடமில்லை. பாலியில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் முறைக்குச் சுபாக் என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டு முதல் நடந்து வருவது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேல் வயல்காரன் எப்போது திறப்பது, கீழ் வயல்காரன் எப்போது நடுவது என்பதைத் தண்ணீர்க் கோயிலை மையமாக வைத்து விவசாயிகள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி வந்து, கோயில் அட்டவணையை விட்டுவிட்டு முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். தண்ணீர்த் தகராறும் பூச்சியும் சேர்ந்து வந்தன. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு செய்து, அந்தக் கோயில் முறைக்குள் எவ்வளவு நுட்பமான கணக்கு இருக்கிறது என்று காட்டினார். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் வயலைக் காயவிட்டால் பூச்சிக்கு இரை கிடைக்காது. அதற்குத் தண்ணீரை ஒழுங்காகப் பங்கிட வேண்டும். சாமி கும்பிடுவதும் மடை திறப்பதும் அங்கே ஒரே வேலை.

"நாம ஆறு பேரு மூணு நாளு குளிச்சா அவங்களுக்கு அரிசி விளையாதா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். விளையும். ஆனால் மேல் வயல்காரனும் அதையேதான் சொல்வான்: நான் ஒருத்தன் கொஞ்சம் திறந்தால் என்ன? ஒவ்வொருத்தன் திறப்பதும் கொஞ்சம்தான். அதனால்தான் அவர்கள் அந்த முடிவைத் தனி ஆளிடம் விடாமல் கோயிலிடம் கொடுத்தார்கள். குளமுள்ள வில்லாவில் தங்குகிறவன் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. அவனுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது, அவ்வளவுதான்.

இப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஹோம்ஸ்டேக்கே வந்தோம். அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் இல்லை. மலிவு என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. கிளம்பும்போது அம்மா சொன்னது இதுதான்: "குளிச்சிட்டுத் தரையில கிடக்கிற முடிய நீயே எடுத்துடு. துண்ட தினம் மாத்தச் சொல்லாத. காலையில எத்தன மணிக்குப் பசிக்கும்னு முந்தின ராத்திரியே சொல்லிடு." விருந்தாளிக்கு என்று நான் கேட்ட முதல் உபதேசம் அது.

யோசித்துப் பாருங்கள், நமக்கு விருந்தோம்பலைப் பற்றி எவ்வளவு சொல்லித் தந்திருக்கிறார்கள்! திருக்குறளில் 9-ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். தைத்திரீய உபநிடதம் அதிதியைத் தெய்வமாக நினைக்கச் சொல்கிறது. ஆனால் இவை எல்லாம் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னவை. வருகிறவனுக்கு என்ன தர்மம்? அதிதி என்ற சொல்லுக்கே திதி இல்லாமல் வருகிறவன் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். நாள் குறிக்காமல், எதிர்பாராமல், பசியோடு வருகிறவன். நான் அப்படியா போனேன்? நாள் குறித்து, முன்பணம் கட்டி, திரும்பி வந்ததும் நட்சத்திரம் போடும் அதிகாரத்தோடு போனேன். அந்த நட்சத்திரத்துக்குப் பயந்துகொண்டிருக்கிற வீட்டில் நான் தெய்வமா, முதலாளியா?

ஊபுட்டில் எங்கள் வீடு அழகாக இருந்தது. வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு சின்னச் சுவர்; தீயவை நேராக உள்ளே வராமல் தடுப்பதற்காம். சுற்றிலும் தனித்தனிக் கட்டடங்கள், நடுவில் முற்றம், வடகிழக்கு மூலையில் குடும்பக் கோயில். நம்முடைய ஈசானிய மூலையேதான்! விடிகாலையில் வீட்டம்மா தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டுகளில் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றி, கோயில், அடுப்படி, வாசல் என்று ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு வருவார். எங்கள் அறை வாசலிலும் ஒன்று இருக்கும். அவரை நாங்கள் ஈபு என்று கூப்பிட்டோம். மலாய் தெரிந்ததால் பேச்சு ஓடியது. அறைகளைக் கட்டக் கடன் வாங்கியதும், மகன் கல்லூரிக்குப் போவது இந்த அறைக் காசில்தான் என்பதும் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அதனால் "காசு கொடுத்துத் தங்குறது தப்பே இல்ல, சும்மா தங்கினாதான் தப்பு" என்று நண்பன் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் காசு அந்த வீட்டுக்கு வேண்டும்.

தப்பு நடந்தது வேறு இடத்தில். செய்தவன் நான்.

இரண்டாம் நாள் மதியம் துவைத்த துணியைக் காயப்போட இடம் தேடினேன். முற்றத்து ஓரம் வெயில் படுகிற மாதிரி ஒரு தாழ்ந்த சுவர் இருந்தது. துண்டு, கால்சட்டை, உள்ளாடை எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக விரித்துவிட்டு வெளியே போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால் துணி எல்லாம் காய்ந்து, மடித்து, அறை வாசலில் நாற்காலிமேல் இருந்தது. அடடா, என்ன பாசம் என்று நினைத்தேன். அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது அவங்க கோயில் சுவரு. பாட்டி வந்து எடுத்தாங்க. எடுத்துட்டுத் தண்ணி தெளிச்சிட்டுப் போனாங்க."

நம் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒருத்தன் உள்ளாடை காயப்போட்டால் என் பாட்டி என்ன செய்திருப்பார்? தெருவே கூடியிருக்கும். ஓட்டலாக இருந்தால் 'இங்கே துணி காயப்போடாதீர்' என்று ஒரு பலகை இருந்திருக்கும். அந்த நெனெக் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். நான் மலாயில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஏன் என்னைத் திட்டவில்லை? விருந்தாளி என்பதாலா? காசு கொடுத்தவன், போய் ஏதாவது எழுதிவிடுவான் என்பதாலா? முதலாவது என்றால் அது பெரிய மனசு. இரண்டாவது என்றால் நான் என் 45 வெள்ளியில் அறையோடு சேர்த்து ஒரு கிழவியின் வாயையும் அடைத்திருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்றும் தெரியாது. பணம் இந்த இரண்டையும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறது. காசு வாங்காத வீட்டில் வீட்டுக்காரர் கோபப்பட்டால் நமக்குத் தெரியும், நாம் திருந்தலாம். இங்கே அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. ஆகவே சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு போகிறவன் தலையில் விழுகிறது. நான் துணி விரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. காசு கொடுத்த இடத்தில் கேட்டுச் செய்கிற பழக்கம் நமக்கு இல்லை.

மார்ச் 29, ஞேபி. அவர்களுடைய சக வருடப் பிறப்பு, 1947 பிறந்தது. நம் ஊர்த் தெலுங்கு நண்பர்கள் அதே 1947-ஐ மறுநாள் யுகாதியாகக் கொண்டாடினார்கள். ஆனால் பாலியில் வருடப் பிறப்பு என்றால் மேளதாளம் எல்லாம் முந்தின நாளோடு சரி. அன்று இரவு ஓகோ-ஓகோ என்ற பெரிய பெரிய பூத பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே கத்துகிறது. விடிந்தால் மௌனம். காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை தீ இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடிவிடுகிறது. கைப்பேசியில் இணையம் கிடையாது. கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் தவிர தெருவில் நாய்தான்.

முந்தின நாளே ஈபு எங்களுக்குச் சோறு, காய், பழம் எல்லாம் மூடி வைத்துவிட்டார். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் சாப்பிடவே இல்லை. அறைக்குள் சின்ன விளக்கு பரவாயில்லை, திரையை மட்டும் இழுத்துவிடுங்கள் என்றார். பகல் எப்படியோ தூக்கத்தில் போனது. இரவு எட்டு மணிக்கு எங்களில் ஒருவனுக்குப் பசி தாங்கவில்லை. பழம் தீர்ந்துவிட்டது. பெட்டியில் மேகி இருந்தது. இருட்டில் தடவிக்கொண்டு முற்றத்துக்குப் போய், கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று ஈபுவிடம் கேட்டான். கேட்டவன் கெட்டவன் இல்லை. பசிக்கிறது, கேட்டான். ஈபு ஒரு கணம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தார்.

நம்மில் பலருக்கு இளையான்குடி மாறனார் கதை தெரியும்; கதை சொல்லும் போட்டியில் வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். மழை கொட்டும் நள்ளிரவில் சிவனடியார் ஒருவர் பசியோடு வருகிறார். வீட்டில் அரிசி இல்லை. நாயனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகல் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை, கூரை மரத்தையே வெட்டித் தருகிறார். மனைவியார் சமைக்கிறார். சிறு வயதில் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எப்போதும் மாறனார் பக்கமிருந்தே கேட்டிருக்கிறேன். வந்தவர் பக்கமிருந்து கேட்டதே இல்லை. வந்தவர் சிவன். விதை நெல்லை வாங்கிக்கொண்டு வீடுபேறு கொடுத்தார். ஒரு வேளை வந்தவர் வெறும் பசித்த ஆளாக இருந்திருந்தால்? சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து போயிருப்பார். நாயனார் வீட்டில் விதையும் இல்லை, கூரையும் இல்லை.

ஈபு அடுப்படி வாசலுக்குப் போய்விட்டார். ஒரு தீக்குச்சி கிழித்தால் அவருடைய வருஷ விரதம் போய்விடும், எங்கள் மேகிக்காக. அக்காதான் பின்னாலேயே ஓடினார். "தக் பாயா, ஈபு, தக் பாயா" என்று இருட்டிலேயே கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஈபு இரண்டு தடவை பரவாயில்லை என்றார்; மூன்றாவது தடவை சொல்லவில்லை. நாங்கள் அறைக்குத் திரும்பி, பள்ளிக்கூட நாள் மாதிரி மேகியைப் பாக்கெட்டிலேயே நொறுக்கி, தூளைப் போட்டுக் குலுக்கி, அப்படியே தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். ஊர் முழுக்க ஒரு வெளிச்சம் இல்லாததால் அத்தனை நட்சத்திரம். ஜொகூரில் பிறந்த எனக்கு அது புதுசு.

ஓட்டலுக்குப் போயிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. அங்கே ஞேபி அன்றும் சாப்பாடு உண்டு. ஊழியர்களில் ஒரு பகுதியினர் அன்று வீட்டுக்குப் போக முடியாது; முந்தின நாளே வந்து ஓட்டலிலேயே தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களும் இந்துக்கள்தான், அவர்களுக்கும் வீட்டில் கோயில் இருக்கிறது. சூப் வந்து மேசைமேல் உட்காரும்போது அது யாருடைய ஞேபியிலிருந்து எடுத்து வந்தது என்று விருந்தாளிக்குத் தெரியாது. என் அம்மா தீபாவளி அன்று எத்தனை முறை வேலைக்குப் போயிருக்கிறார் என்பதும், அந்த 14 அறைகளில் படுத்திருந்தவர்களுக்குத் தெரியாது. ஹோம்ஸ்டே புண்ணியம், ஓட்டல் பாவம் என்று இனி நான் குழுவில் எழுத மாட்டேன். ஓட்டலில் சம்பளச் சீட்டு இருக்கிறது, வீட்டில் அது இல்லை. வீட்டில் எதிரே ஒரு முகம் இருக்கிறது, ஓட்டலில் அது சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது. ஓட்டலில் தங்குகிறவன் அந்தச் சுவரை நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தங்குகிறவன் கேட்பதற்கு முன்னால், இவர்களால் எனக்கு இல்லை என்று சொல்ல முடியுமா என்று யோசிக்க வேண்டும். சொல்ல முடியாதவரிடம் கேட்பது எனக்கு இப்போது கேட்பதாகவே படவில்லை.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோயில் சுவர் விஷயம் உட்பட. அதற்குத் திட்டு கிடைத்தது. பாட்டி கொடுக்காமல் விட்டதும் சேர்த்து. பிறகு கேட்டார்: "சரி, அந்தம்மா ராத்திரி எத்தன மணிக்குப் படுப்பாங்க?"

நான்கு இரவு அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் தூங்கப் போகும்போது அவர் எதையாவது கழுவிக்கொண்டிருப்பார். நான் எழும்போது தட்டில் பூ வைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது குழுவில் காசிக்குப் போகலாம் என்று பேச்சு தொடங்கியிருக்கிறது. நகரத்தார் சத்திரமா, கங்கைக்கரை ஓட்டலா என்று மறுபடியும் சண்டை. இந்தத் தடவை அம்மாவும் வருகிறார். உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன். ஓட்டலுக்காக அவ்வளவு பேசியவர், ஓட்டல் வேண்டவே வேண்டாம் என்கிறார். 19 வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் விருந்தாளியாக ஓட்டலில் படுத்ததில்லை. "வேணாம்யா, மெத்தைய பாத்தா தூக்கி விரிப்பு மாட்டத்தான் கை போகும்."